கனடா ஸ்டடி பர்மிட் மறுக்கப்பட்டால் அதே காகிதங்களை மறுபடி அனுப்பாதீர்கள்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் சிவில் பி.இ. முடித்து இரண்டு வருடம் கட்டுமான நிறுவனமொன்றில் வேலை பார்த்திருக்கிறார். கனடாவில் ஒன்டாரியோ மாகாணக் கல்லூரி ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் ஸ்டடி பர்மிட், அதாவது அங்கே படிக்க கனடா அரசு தரும் அனுமதி, மறுக்கப்பட்டுவிட்டது. "கணக்கில் இன்னும் இருபது லட்சம் காட்டினால் கிடைத்துவிடும், பணத்தை மூன்று மாத வட்டிக்கு நானே புரட்டித் தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். நாங்களே மறுபடி விண்ணப்பிக்கலாமா, எவ்வளவு பணம் காட்ட வேண்டும், முதல் மறுப்பு இருப்பது பாதிக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, நீங்களே விண்ணப்பிக்கலாம். ஏஜென்ட் மூலமாகத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்த இருபது லட்சத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கடைசி ஒன்பது வருடம் கல்விக் கடன் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகு உறவிலும் தெருவிலும் இருக்கிற பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துத் தருகிறேன். காசு வாங்குவதில்லை. அப்படிப் படித்ததில் எனக்கு மறக்க முடியாதது என் தங்கை மகனுடைய கோப்பு.

2025 ஜனவரியில் அவனுக்கு மறுப்பு வந்தது. கும்பகோணத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஏஜென்ட் அனுப்பிய மொத்தக் காகிதங்களையும் தரையில் பரப்பினேன். வங்கிக் கணக்கில் நவம்பர் 19 வரை 41,000 ரூபாய் இருந்தது. நவம்பர் 20 அன்று ஒரே வரவாக 19,50,000 ரூபாய் வந்திருக்கிறது. டிசம்பர் 2 அன்று விண்ணப்பம் போயிருக்கிறது. இந்த மூன்று தேதிகளைப் பார்த்ததுமே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. கடன் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படியொரு கணக்கு வந்திருந்தால் நானும் பேனாவைக் கீழே வைத்திருப்பேன்.

வேதனை என்னவென்றால் அது நேர்மையான பணம். தங்கை கணவர் தன் பங்குக்கு வந்த பூர்விக நிலத்தை விற்ற பணம். கிரயப் பத்திரம் பக்கத்து அறையில், பீரோவுக்குள், ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருந்தது. ஏஜென்ட் கேட்கவில்லை, அதனால் இவர்களும் கொடுக்கவில்லை. கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலம், அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஐந்து டாலர் கட்டி, அதிகாரியின் குறிப்பை வாங்கிப் படித்தோம். பெரிய தொகை அண்மையில்தான் வரவாகியிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இரண்டு வரியில் முடிந்திருந்தது. நிலத்தை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்க நினைத்த குடும்பமும், வட்டிக்குப் பணம் வாங்கிக் கணக்கில் நிறுத்திய குடும்பமும் அந்த அதிகாரியின் திரையில் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கிறார்கள். அவர் உங்களைப் பார்த்ததில்லை. பெரும்பாலும் நேர்முகத் தேர்வும் கிடையாது. காகிதம் என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு நீங்கள்.

ஆகவே முதல் வேலையாக மறுப்புக் கடிதத்தை எடுங்கள். 2025 ஜூலை இறுதியிலிருந்து ஸ்டடி பர்மிட் மறுப்புகளோடு அதிகாரியின் குறிப்பையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அது உங்களிடம் இல்லையென்றால் ஏஜென்டிடம் இருக்கும், அல்லது அவர் திறந்த இணைய விண்ணப்பக் கணக்கில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: விண்ணப்பக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டது? பல ஏஜென்ட்கள் தங்கள் மின்னஞ்சலையே கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கனடா அரசு உங்கள் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் அது அவருக்கே தெரியாமல் போகிறது. பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, கனடாவின் குடியேற்ற ஆலோசகர் மன்றத்தில் உரிமம் பெற்றவர்களுக்கும் அந்நாட்டு வழக்கறிஞர்களுக்கும் இன்னும் சில வகையினருக்கும்தான் சட்டம் அனுமதி தருகிறது. அப்படி ஒருவரை அமர்த்தினால் ஐஎம்எம் 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். உங்கள் ஏஜென்ட் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று பாருங்கள். போடவில்லை என்றால், நாளைக்குப் பிரச்சினை வரும்போது அவர் இந்தக் கதையிலேயே இல்லை.

இப்போது பணம். 2025 செப்டம்பர் 1 முதல், கியூபெக் தவிர்த்த மற்ற மாகாணங்களுக்கு, தனியாகப் போகும் மாணவர் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். 2023 முடிய இது 10,000 டாலராக இருந்தது, 2024இல் 20,635 ஆயிற்று, பிறகு இந்தத் தொகை. பழைய கணக்கை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கவனம். இதோடு முதல் வருடக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் சேர வேண்டும். கட்டணம் 17,000 டாலர் என்றும், டாலர் 65 ரூபாய் என்றும் கணக்குக்கு வைத்துக்கொண்டால், பயணம் நீங்கலாக 26 லட்ச ரூபாய் ஆகிறது. கட்டணத்தை முன்பே கட்டியிருந்தால் அந்த ரசீது அந்தப் பகுதியை அடைத்துவிடும்.

இந்தத் தொகையை எப்படிக் காட்டுவது என்பதில்தான் நம் ஊர்க் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கனடாவில் உள்ள வங்கியில் ஜிஐசி என்ற முதலீட்டு வைப்பில் வாழ்க்கைச் செலவுத் தொகையைப் போடுவது ஒரு வழி. பெண் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அது பகுதி பகுதியாக அவருக்கே திரும்பி வரும். இதைக் கட்டாயமாக்கியிருந்த எஸ்டிஎஸ் என்ற விரைவுத் திட்டத்தை 2024 நவம்பர் 8 அன்று நிறுத்திவிட்டார்கள். இப்போது கட்டாயமில்லை, ஆனால் ஆதாரமாக ஏற்கிறார்கள். பணம் ஏற்கெனவே கனடாவுக்கு வந்துவிட்டது என்பதால் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது என்பது என் கருத்து. இன்னொரு வழி வங்கியின் கல்விக் கடன். வட்டிக்கு இருபது லட்சம் வாங்கிக் கணக்கில் நிறுத்துவதைவிட, அதே இருபது லட்சத்துக்கு முறையான கல்விக் கடன் ஒப்புதல் கடிதம் ஆயிரம் மடங்கு வலுவானது. அது யாருக்கு, எந்தப் படிப்புக்கு, எவ்வளவு என்று ஒரு வங்கி எழுதிக் கையெழுத்திட்ட காகிதம். படிக்கும் காலத்தில் அசலைக் கட்ட வேண்டியதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து, வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டணத்துக்கு டிசிஎஸ் வரிப் பிடித்தமும் இல்லை.

சேமிப்பைக் காட்டுவதென்றால் கடந்த நான்கு மாதக் கணக்கு விவரம் கேட்பார்கள். அதில் திடீரென்று ஏறிய ஒவ்வொரு பெரிய தொகைக்கும் பக்கத்தில் ஒரு காகிதம் நிற்க வேண்டும். நகைக் கடன் என்றால் அடகு ரசீது. சீட்டு எடுத்த பணம் என்றால் பதிவு பெற்ற நிறுவனத்தின் பற்றுச்சீட்டு. வைப்புத் தொகை முடித்த பணம் என்றால் வங்கிக் கடிதம். அண்ணனோ மாமாவோ கொடுத்தது என்றால், அவர் ஏன் கொடுக்கிறார், அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கடிதமும் அவருடைய வருமான வரிக் கணக்கும். தங்கை மகன் விஷயத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: கிரயப் பத்திரம், அந்த நிலத்தின் வில்லங்கச் சான்று, வாங்கியவர் கணக்கிலிருந்து பணம் வந்ததைக் காட்டும் வங்கி வரி, அப்பாவின் மூன்று வருட வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினோம். முதல் பக்கத்தில், 'நவம்பர் 20 அன்று வந்த 19,50,000 ரூபாய் இந்த நிலத்தை விற்றதில் வந்தது, ஆதாரம் 3 முதல் 11 வரையுள்ள பக்கங்களில்' என்று ஒரே வாக்கியம் எழுதினோம். புதிதாக ஒரு ரூபாய்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏப்ரலில் விண்ணப்பித்தான், ஜூனில் ஒப்புதல் வந்தது.

பட்டா, பத்திரம் எல்லாம் தமிழில்தான் இருக்கும். அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் மொழிபெயர்த்தால் செல்லாது, அவர் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தாலும் செல்லாது.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது, அது பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி முருகேசன்', அப்பாவின் வங்கிக் கணக்கில் 'எஸ். முருகேசன்', பத்திரத்தில் 'சுப்பையா மகன் முருகேசன்'. நமக்கு இது ஒரே குடும்பம். தமிழ்ப் பெயர் வழக்கம் தெரியாத ஒருவருக்கு இது நான்கு பேர். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், முழுப் பெயரையும் விண்ணப்பத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விட வேண்டும். கனடா அரசின் அறிவுரையே அதுதான். அப்பாவின் பெயர் இடத்துக்கு இடம் மாறியிருந்தால், எல்லாம் ஒரே நபர்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள்.

அடுத்தது, உங்கள் பெண்ணின் மறுப்புக்கு உண்மையான காரணமாக இருக்கக்கூடியது என்று நான் சந்தேகப்படும் இடம்: ஏன் இந்தப் படிப்பு? இரண்டு வருட அனுபவமுள்ள பொறியாளர் பட்டப் படிப்புக்குப் போகாமல் ஒரு கல்லூரிச் சான்றிதழ் படிப்புக்கு ஏன் இத்தனை லட்சம் செலவழிக்கிறார் என்று அதிகாரி கேட்பார். கேட்கத்தான் செய்வார், நாமும் கேட்போம். எஸ்ஓபி என்று சொல்லும் விளக்கக் கடிதம் இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். உலகத் தரமான கல்வி, பல பண்பாடுகள் கலந்த சமூகம், அமைதியான நாடு என்று இருக்கும். அதில் உங்கள் பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டால் அதுவும் பொருந்தும். அதுதான் அதன் குறை.

அவரே எழுதட்டும். பணியிடத்தில் என்ன செய்தார்? கம்பி வரவு தாமதமாகி மேல்தளக் கான்கிரீட் தள்ளிப்போன வாரத்தில், கால அட்டவணையை யார் திருத்தினார்கள், அதில் இவருக்கு என்ன தெரியவில்லை? கல்லூரியின் பாடத்திட்டத்தில் எந்தப் பாடம் அந்தக் குறையை நிரப்பும்? முடித்துத் திரும்பினால் இங்கே எந்த வகை நிறுவனத்தில், எந்தப் பொறுப்புக்கு, இப்போதைய சம்பளத்தைவிட எவ்வளவு கூட எதிர்பார்க்கிறார்? இப்படி எழுதினால் இரண்டு பக்கம் போதும். ஆங்கிலம் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் குரல் அதில் கேட்க வேண்டும்.

நிரந்தரமாகத் தங்கும் ஆசையைப் பற்றிப் பொய் சொல்லச் சொல்கிறவர்கள் உண்டு. பொய் தேவையில்லை. பின்னால் நிரந்தர வசிப்புரிமைக்கு முயலும் எண்ணம் இருப்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது என்று கனடாவின் குடியேற்றச் சட்டம் 22ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அனுமதி முடியும்போது வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். இங்கே பெற்றோர், சொத்து, திரும்பினால் காத்திருக்கும் தொழில் ஆகியவற்றை உள்ளபடி சொன்னால் போதும்.

உங்கள் கடைசிக் கேள்வி, முதல் மறுப்பு பாதிக்குமா என்பது. மறுப்பு இருப்பது குற்றமில்லை, இரண்டாம் முறை கிடைத்தவர்கள் ஏராளம். ஆனால் மறைப்பது பெரிய ஆபத்து. கனடா மட்டுமில்லாமல் எந்த நாட்டு விசா மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்று படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் உண்மையைத் திரித்ததாக முடிவு செய்து ஐந்து வருடம் விண்ணப்பிக்கவே தடை போட்டுவிடுவார்கள். ஏஜென்ட் 'இல்லை' என்று நிரப்பியிருந்தாலும் தடை உங்கள் பெண்ணுக்குத்தான். போலி ஆவணத்துக்கும் அதே கதி. 2023இல் போலிச் சேர்க்கைக் கடிதங்களால் ஏமாற்றப்பட்ட இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், படித்து முடித்து வேலையிலும் சேர்ந்த பிறகு நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். கடிதம் போலி என்றே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், 2023 டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும் முறை வந்தது. நீங்களும் ஒருமுறை கல்லூரிக்கு நேரடியாக எழுதிக் கேட்டுவிடுங்கள். வட்டிப் பணத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் திரும்பிப் போகப் போகிற பணத்தை மகளின் படிப்புக்கு என்று எழுதிக் கையெழுத்திடுவது பொய்தான்.

மறுப்பு சட்டப்படி தவறு என்று தோன்றினால், கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு 60 நாட்களுக்குள் போகலாம். செலவும் காலமும் பிடிக்கும். குறை நம் காகிதத்தில் இருந்தால் புதிதாக விண்ணப்பிப்பதே மேல்.

விண்ணப்பிக்கும் முன் இன்னொரு யோசனை. உங்கள் பெண்ணின் மதிப்பெண் இடம் கொடுத்தால், கனடாவில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்துக்கு முயலச் சொல்வேன். கல்லூரிப் படிப்புக்கு மாகாணத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும். பிஏஎல் என்பார்கள், 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தபோது வந்தது. அதைக் கல்லூரிதான் வாங்கித் தரும், காலாவதித் தேதியும் உண்டு. அரசு நிறுவனங்களில் முதுநிலையும் ஆய்வும் படிப்பவர்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் அது தேவையில்லை. படித்த பின் வேலை செய்யும் அனுமதியிலும் வித்தியாசம் பெரிது. கல்லூரிச் சான்றிதழ் படிப்பென்றால், அந்தப் படிப்பின் குறியீட்டு எண் அரசு வெளியிட்ட துறைப் பட்டியலில் இருந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். முதுநிலைப் பட்டத்துக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. எட்டு மாதமாவது நீடிக்கும் முதுநிலைப் படிப்புக்கு, இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும், மூன்று வருட வேலை அனுமதி கிடைக்கலாம். 'முதலில் போய்ச் சேரட்டும், அங்கே போய்க் கல்லூரி மாற்றிக்கொள்ளலாம்' என்ற பழைய பேச்சையும் நம்ப வேண்டாம். 2024 நவம்பருக்குப் பிறகு கல்லூரி மாற வேண்டுமென்றால் புது ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மற்றவை எளிது. விண்ணப்பக் கட்டணம் 150 டாலர், கைரேகைக்கு 85 டாலர். பத்து வருடத்துக்குள் கைரேகை கொடுத்திருந்தால் பெரும்பாலும் மறுபடி தேவைப்படாது, அதனால் அதை முதலில் பாருங்கள். தேவையென்றால் கடிதம் வரும், முப்பது நாளுக்குள் சென்னை மையத்தில் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனையைக் கனடா அரசு பட்டியலிட்ட மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும், குடும்ப மருத்துவர் சான்று செல்லாது. சேர்க்கைக் கடிதத்தில் உள்ள டிஎல்ஐ எண், அதாவது வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிக்குரிய எண், 'ஓ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதைப் பூஜ்ஜியம் என்று நினைத்துத் தட்டச்சு செய்துவிடாதீர்கள்.

ஒப்புதல் வந்த பிறகும் ஒரு படி இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டுவது உள்ளே நுழைவதற்கான விசா மட்டுமே. ஸ்டடி பர்மிட் என்ற தாள் கனடாவில் இறங்கும் விமான நிலையத்தில்தான் அச்சாகும். அதனால் ஒப்புதல் கடிதம், சேர்க்கைக் கடிதம், பண ஆதாரம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். தாளைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பெயர், கல்லூரி, முடிவுத் தேதி, கல்லூரிக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வேலை செய்யலாம் என்ற நிபந்தனை நான்கையும் படிக்கச் சொல்லுங்கள். தங்கை மகன் ஆகஸ்டில் இறங்கியபோது அந்த வேலை நிபந்தனை விடுபட்டிருந்தது. பெட்டி எடுக்கும் இடத்துக்குப் போகும் வழியில் படித்துப் பார்த்துத் திரும்பி ஓடியிருக்கிறான். அதே மேசையில் பத்து நிமிடத்தில் திருத்தித் தந்துவிட்டார்கள். அந்தப் புதுத் தாளைப் படமெடுத்து முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினான்.

உங்கள் பெண்ணின் மறுப்புக் கடிதத்தில் அதிகாரி எழுதிய வரிகள் கிடைத்ததும், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் எழுதுங்கள். எந்தக் காகிதம் குறைகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.